ஏழாம் பகுதிக்கு இரண்டு பொட்டலம்

மணி ஒன்று இருபது. நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடும். நான்கு பத்துக்கு அண்ணியின் வேலை போய்விடும்.

தந்தி அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தான். காவல்துறைத் தலைமையகத்தின் மூன்றாம் மாடியில், திட்டப் பிரிவு அறையில், அவனுடைய அண்ணி ஒரு பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகரத்தின் ரோந்துத் திட்டம் முழுவதையும் வகுக்கும் அதிகாரி அவள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு வரைபடம். நகரம் பன்னிரண்டு பகுதிகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் வண்ணக் குண்டூசிகள் குத்தப்பட்டிருந்தன.

"உறையைப் பிரிச்சீங்களா?" என்று கேட்டார் அட்டவணை.

பேருந்துக் கழகத்தில் பதினெட்டு வருடம் கால அட்டவணை போட்ட பெண்மணி அவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் தாமதமாகும் என்பதைத் தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு அந்தக் கண்ணை மனிதர்கள் பக்கம் திருப்பித் துப்பறியும் தொழிலுக்கு வந்தார். பட்டப்பெயர் மட்டும் அவரை விடவில்லை. உதவியாளனுக்குத் தந்தி என்று பெயர் வந்ததற்குக் காரணம், எந்தச் செய்தியும் அவன் வாயில் பத்து நிமிடத்துக்குமேல் தங்காது.

"பிரிச்சேன். முதல் வரியில என் பதவி இருந்துச்சு. அதுக்கப்புறம் எழுத்தெல்லாம் மங்கிப் போச்சு" என்றாள் அண்ணி.

அட்டவணை தாளை வாங்கினார். தலைப்பில் 'திட்ட அதிகாரி மீதான குற்றப் பட்டியல்'. அதன்கீழ் ஐந்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, திருட்டு நடந்த பகுதியின் எண், 'அமைதிப் பகுதி' என்ற சொல், அதற்கு எதிரே ஒரு சரி அடையாளம். ஐந்தாவது வரி இந்த வாரப் புதன்கிழமை, பகுதி ஏழு. கீழே ஒரே ஒரு வாக்கியம்: 'அமைதிப் பகுதிகளின் விவரம் ஆணையர், துணை ஆணையர், திட்ட அதிகாரி ஆகிய மூவரைத் தவிர வேறு எவருக்கும் தெரிய வாய்ப்பில்லை.' அதற்கும் கீழே துணை ஆணையரின் கையெழுத்து.

"அஞ்சுக்கு அஞ்சு. என் வாழ்க்கையில நான் பார்க்காத மார்க்கு" என்றான் தந்தி.

"எனக்கு இந்தத் தாள் பிடிக்கல. ரொம்பச் சுத்தமா இருக்கு" என்று அதை மடித்துப் பைக்குள் வைத்தார் அட்டவணை. "அமைதிப் பகுதின்னா என்னன்னு தந்திக்குச் சொல்லுங்க. இவனுக்குப் புரிஞ்சா குழுவுக்கும் புரியும்."

அண்ணி எழுந்து வரைபடத்தின் முன்னால் நின்றாள். குரலில் இருந்த நடுக்கம் மெல்லக் குறைந்தது.

நகரத்தில் ரோந்து வண்டிகள் நாற்பது. பகுதிகள் பன்னிரண்டு. சமமாகப் பிரித்தால் பகுதிக்கு மூன்று சொச்சம் வரும்; எங்கேயும் போதாது. அதனால் அவள் சமமாகப் பிரிப்பதில்லை. போன வாரப் புகார்கள், பள்ளி விடுமுறை, தோண்டிப் போட்ட சாலைகள் எல்லாவற்றையும் பார்த்து, எந்த மூன்று பகுதி இந்த வாரம் அமைதியாக இருக்கும் என்று தீர்மானிப்பாள். அங்கே வண்டி ஒன்றுதான் போகும். மிச்சம் பிடித்த வண்டிகளைத் தேவையுள்ள இடத்துக்கு அனுப்புவாள். இந்த ஏற்பாட்டால் இரண்டு வருடத்தில் குற்றங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் ஒரு நிபந்தனை. எந்த மூன்று என்பது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் அது திருடனுக்கு நாமே எழுதிக் கொடுக்கும் அழைப்பிதழ்.

"திங்கக்கிழமை காலைல மூணே மூணு பிரதி. ஆணையருக்கு ஒண்ணு, துணை ஆணையருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. டிரைவர்களுக்கு அவங்கவங்க வண்டி எங்க போகணும்னு மட்டும்தான் தெரியும். வார நடுவுல ஏதாவது மாறினா, பழைய தாளைக் கையில வாங்கி என் கண்ணெதிரே கிழிச்சப்புறம்தான் புதுசு கொடுப்பேன்."

"அஞ்சு வாரமா மதியம் ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல, ஆள் இல்லாத வீடாப் பார்த்துத் திருடறாங்க" என்றார் அட்டவணை. "ஆனா அஞ்சாவது தடவை மாட்டிக்கப் பார்த்தாங்களாமே?"

"ஒரு ரோந்து வண்டி குறுக்க வந்துடுச்சு. மூட்டையைப் போட்டுட்டு ஓடிட்டாங்க."

"அந்த வண்டியோட டிரைவர் எங்க?"

"கீழ, வாகனக் கொட்டகையில இருப்பார்." அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு நான் ஒரு உதவியாளரைக் கூட்டிட்டு வரலாம்னு விதி இருக்கு. நீங்க வருவீங்கதானே?"

"வருவேன். அதுக்குள்ள நல்ல கேள்வியா நாலு சேர்த்துக்கறேன்."

படியில் இறங்கும்போது தந்தி குரலைத் தாழ்த்தினான். "துணை ஆணையர்தான் மேடம். கையெழுத்தே போட்டிருக்காரு பாருங்க, இன்னும் என்ன வேணும்? போன வருஷம் அண்ணியோட திட்டத்தை 'கோலம் போடற வேலை'ன்னு சொன்ன மனுஷன் அவரு."

"பிடிக்காதவங்க எல்லாம் திருடங்கன்னா, உன்னைப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

வாகனக் கொட்டகையில் டிரைவர் ஒரு டயரின்மேல் உட்கார்ந்து காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொப்பை போட்ட, நியாயமான மனிதர். திருடர்களைப் பற்றிக் கேட்டதும் அசுவாரசியமாகப் பேசினார்.

"ரெண்டு பேரு. சாம்பல் சட்டை, தோள்ல விசில் கயிறு. ஊர்ல பாதி வாட்ச்மேன் அந்தச் சட்டைதான் போட்டிருக்கான். அதனாலதான் அந்தத் தெருவுல யாரும் சந்தேகப்படல. அதை விடுங்க மேடம். அன்னிக்கு எங்களுக்கு நடந்த அநியாயத்தை யாரு விசாரிக்கறது?"

"என்ன அநியாயம்?"

"பன்னிரண்டு பேருக்கு ரெண்டு பொட்டலம்!" டிரைவர் துணியைத் தூக்கிப் போட்டார். "புதன்கிழமை நாங்க நாலாம் பகுதில இருந்தோம். பதினோரு மணிக்குப் பாலத்துக்கிட்ட குடிநீர்க் குழாய் வெடிச்சுது. போக்குவரத்தை ஏழாம் பகுதி வழியாத் திருப்பிவிட்டாங்க. உடனே திட்டப் பிரிவு அம்மா எங்க அஞ்சு வண்டியை ஏழாம் பகுதிக்கு மாத்திட்டாங்க. நல்லது, மாத்தணும்தான். ஏழுல ஏற்கெனவே ஒரே ஒரு வண்டி. எங்களோட சேர்த்து ஆறு வண்டி, பன்னிரண்டு வயிறு. சாப்பாடு வருது, பார்த்தா ரெண்டு பொட்டலம்! எங்க பங்கு நாலாம் பகுதிக்குப் போயிடுச்சாம். வண்டி மாறிடுச்சு மேடம், சாப்பாடு மாறல!"

"அடப்பாவமே. அப்ப நாலாம் பகுதில மிஞ்சின ஒரு வண்டிக்காரங்க?" என்றான் தந்தி.

"பன்னிரண்டு பொட்டலத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தானுங்க. இன்னும் ஏப்பம் விட்டுட்டிருக்கானுங்க."

அட்டவணை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். ஏதோ ஒரு பேருந்து சரியான நேரத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"வண்டி மாறிடுச்சு, சாப்பாடு மாறல."

வெளியே வந்ததும் அவர் நடையின் வேகம் கூடியது. "தந்தி, யோசிச்சுப் பாரு. புதன் மதியம் ஏழாம் பகுதி அமைதிப் பகுதி இல்ல. ஆறு வண்டி சுத்துது. அமைதிப் பகுதி நாலாம் எண். புதுத் திட்டம் தெரிஞ்ச திருடன் எங்க போவான்?"

"நாலுக்கு. ஏப்பம் விடற ரெண்டு பேரைத் தவிர அங்க யாரும் இல்ல."

"ஆனா ஏழுக்குப் போனான். அப்படின்னா அவன் கையில இருந்தது திங்கக்கிழமைத் திட்டம். மாத்தினது அவனுக்குத் தெரியாது. மூணு பிரதியும் புதன்கிழமையே கிழிஞ்சுபோச்சு. அதுக்கப்புறமும் பழைய திட்டம் இந்தக் கட்டடத்துல எங்கயோ உயிரோட இருந்திருக்கு. எங்க?"

தந்தி நின்றான். "சாப்பாட்டுல."

"உன் மூளை வயித்துல இருக்குன்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

கேன்டீன் தரைத்தளத்தில் இருந்தது. நீளமான கூடம். ஒருபக்கம் அலுமினிய மேஜைகள், மறுபக்கம் சமையலறை. நடுவில், சாப்பிடுகிறவர்கள் எல்லோருடைய கண்ணிலும் படும்படி ஒரு கரும்பலகை. அதில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய எழுத்தில் பன்னிரண்டு வரிகள். 'மதியம்' என்ற தலைப்பு. பகுதி எண், அதற்கு எதிரே பொட்டலங்களின் எண்ணிக்கை. நான்காம் பகுதிக்குப் பன்னிரண்டு. ஏழாம் பகுதிக்கு இரண்டு.

அட்டவணை அந்தப் பலகையைப் புதிய இயந்திரத்தைப் பார்ப்பதுபோல ரசித்துப் பார்த்தார்.

"வண்டிக்கு ரெண்டு பேரு. பொட்டலத்தை ரெண்டால வகுத்தா வண்டி எண்ணிக்கை. பன்னிரண்டு பொட்டலம்னா ஆறு வண்டி. ரெண்டு பொட்டலம்னா ஒரே வண்டி. எங்கெல்லாம் ரெண்டுன்னு எழுதியிருக்கோ அதெல்லாம் அமைதிப் பகுதி. பூட்டின பெட்டியில வெச்ச ரகசியம், இங்க சாப்பாட்டுக் கணக்கா தொங்குது. பெரிய திட்டம் எதுவும் தனியா நடக்காது தந்தி. அதுக்குப் பெட்ரோல் வேணும், சாப்பாடு வேணும், ஆள் வேணும். இது ஒவ்வொண்ணும் அந்தத் திட்டத்தோட நிழல். தாளைப் பூட்டலாம், நிழலைப் பூட்ட முடியுமா?"

"பிரமாதம் மேடம். நாம வந்தப்ப சந்தேகத்துக்குரியவங்க மூணு பேரு. இப்ப இங்க டீ குடிக்கறவங்க நானூறு பேரு. நல்ல முன்னேற்றம்."

கேன்டீன்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பலகையைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "எங்க புதுத் திட்டம்ங்க. முன்னாடியெல்லாம் 'எண்பது பொட்டலம்'னு மொத்தமா ஒரு சீட்டு வரும். பலகை உள்ள, அடுப்புப் பக்கம் பார்த்திருக்கும். ஆறு வாரத்துக்கு முன்னாடி ஆலோசகர் ஐயா வந்தாரு. துறையை நவீனமாக்க அரசாங்கம் வெச்சிருக்காங்களே, அவரு. எவ்வளவு வீணாகுதுன்னு பகுதிவாரியா தெரியணும்னாரு. பலகையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாரு. 'எல்லாம் வெளிப்படையா இருக்கணும்'னு சொல்லிச் சொல்லிச் செஞ்சாரு."

"திருட்டு அஞ்சு வாரமா நடக்குது" என்று முணுமுணுத்தார் அட்டவணை. "வாரக் கணக்கு எழுதற சீட்டு எது?"

"திங்கக்கிழமை வரும். அதுக்கேத்த மாதிரி சாமான் வாங்கிடுவோம். நடுவுல மாத்த மூணு கையெழுத்து வேணும், அதனால யாரும் மாத்தறதில்ல. அதோ, ஆணியில தொங்குது பாருங்க."

தந்தி ஆணியின் அருகில் போனான். சீட்டைப் பார்த்தான். இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தான்.

பன்னிரண்டு கட்டங்கள், அளவுகோல் வைத்துக் கோடு போட்டவை. ஒவ்வொரு எண்ணையும் கட்டத்தின் நட்டநடுவில் எழுதும் பழக்கம். அவன் வீட்டுச் சமையலறையில் மிளகு டப்பாவிலிருந்து தையல் ஊசி டப்பா வரை ஒட்டியிருக்கும் அதே கையெழுத்து.

அண்ணியின் கையெழுத்து.

கேன்டீன்காரர் அடுப்பைப் பார்க்கப் போன நொடியில், தந்தி சீட்டை ஆணியிலிருந்து உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அட்டவணை கூடத்தைத் தாண்டினார். தாழ்வாரத்தில் நின்றார். "பையில என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ரெண்டு நிமிஷமா நீ எதுவும் பேசல. அது போதும், சாட்சி வேண்டாம்."

அவன் சீட்டை எடுத்துக் காட்டினான். முகம் வெளுத்திருந்தது. "மேடம், அண்ணிதான் இதை அனுப்பியிருக்காங்க. ஒவ்வொரு வாரமும். நம்மகிட்ட இதைச் சொல்லவே இல்லையே? இவ்வளவு கூர்மையான ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும்?" சீட்டின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டான். "இதை நான் கிழிச்சுடட்டுமா?"

"கிழிச்சா, உன் அண்ணி குற்றவாளின்னு முதல்ல முடிவு கட்டினவன் நீன்னு ஆகும். போய்க் கேட்கலாம் வா."

மூன்று முப்பத்தைந்துக்கு அவர்கள் மேலே வந்தபோது அண்ணி மேஜையைக் காலி செய்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சீட்டை மேஜையில் வைத்தான் தந்தி.

"இது என்ன அண்ணி?"

"பொட்டலக் கணக்கு. ஏன்?"

"பகுதிவாரியா அனுப்பியிருக்கீங்க."

"ஆமா. ஆலோசகர் ஒரு படிவம் அனுப்பினார். வீணாகுறதைக் குறைக்கணும்னு. நிர்வாகத்துல கேட்டாங்க, கொடுத்தேன். சமையலறைக்குத்தானே போகுது..." பேச்சு பாதியில் நின்றது. அவள் சீட்டைப் பார்த்தாள், வரைபடத்தைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. இரண்டால் வகுத்துக்கொண்டிருந்தாள்.

"அட கடவுளே" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான்தான். நானேதான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

தந்தி மூச்சை விட்டான். இவ்வளவு அசலான அதிர்ச்சியை எந்த நடிகையாலும் கொண்டுவர முடியாது. உடனே குனிந்தான். "அண்ணி, இந்தச் சீட்டு நம்மகிட்ட இருக்கறது நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். இதைக் காட்டினா கவனக்குறைவுன்னு அதுக்கே உங்களைத் தூக்கிடுவாங்க. நான் வேற ஏதாவது வழி..."

"தம்பி, வாயை மூடு." முதல்முறையாக அவள் குரல் அதிகாரியின் குரலாக இருந்தது. "அதைக் காட்டாம பலகையைப் பத்திப் பேச முடியாது. பலகையைப் பத்திப் பேசலன்னா அடுத்த வாரம் இன்னொரு வீட்டை உடைப்பாங்க. காட்டுங்க மேடம்."

நான்கு மணி.

நீள மேஜையின் தலைமாட்டில் ஆணையர். வலப்பக்கம் துணை ஆணையர், கஞ்சி போட்ட காலர்போல விறைப்பாக. இடப்பக்கம் ஆலோசகர். மென்மையான குரல், மென்மையான கைகள், எதிரே 'நாளைய காவல்' என்று தலைப்பிட்ட ஒரு தடித்த அறிக்கை.

அட்டவணை எழுந்து நின்றார். கேன்டீன் பலகையைப் பற்றிச் சொன்னார். சீட்டை மேஜையில் வைத்தார்.

"இது என் கையெழுத்துதான் சார். நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல" என்றாள் அண்ணி.

துணை ஆணையர் நிமிர்ந்தார். "அப்ப ஒப்புக்கறீங்க!"

"கவனக்குறைவை ஒப்புக்கறாங்க. திட்டத்தை வித்ததா யாரும் ஒப்புக்கல" என்றார் அட்டவணை. "உங்களை ஒண்ணு கேட்கணும் சார். புதன்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு அமைதிப் பகுதி எது? நாலா, ஏழா?"

"நாலு. பதினொண்ணரைக்கு மாத்தினாங்க. என் பழைய தாளை வாங்கிக் கிழிச்சாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆணையர் சார்?"

"நாலுதான்."

அட்டவணை பையிலிருந்து ஐந்து வரித் தாளை எடுத்தார். "அப்ப இந்தக் குற்றப் பட்டியல்ல அஞ்சாவது வரியில 'பகுதி ஏழு, அமைதிப் பகுதி'ன்னு எழுதி, சரி போட்டிருக்கே? நிஜக் கணக்குப்படி அஞ்சுக்கு நாலுதானே வரணும்? கீழ உங்க கையெழுத்து இருக்கு."

துணை ஆணையர் தாளைப் பிடுங்கினார். தந்தி முன்னால் சாய்ந்தான். இதற்காகத்தான் மதியத்திலிருந்து காத்திருந்தான். ஆனால் அந்த மனிதரின் காதுகள் சிவந்தனவே தவிர, கண்கள் பயப்படவில்லை.

"நான்... படிக்கல. அஞ்சு சரியும் வரிசையா இருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன். தயாரிச்சது நான் இல்ல." அவர் மேஜையின் மறுபக்கம் பார்த்தார். "ஆலோசகர்."

ஆணையரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"சின்ன எழுத்துப் பிழை" என்று ஆலோசகர் புன்னகைத்தார். "ஆணையர் அலுவலகத்துலேர்ந்து வாங்கின விவரம்."

"நான் கொடுக்கல. கொடுத்திருந்தா நாலுன்னு இருந்திருக்கும்" என்றார் ஆணையர்.

"சரி, ஒளிச்சு என்ன ஆகப் போகுது. கேன்டீன் பலகையைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். பலகையைப் பார்க்கறது குற்றமா?"

"இல்லவே இல்ல. அருமையான கணக்கு. எனக்கும் அதைப் போட ஆசையா இருந்துச்சு" என்றார் அட்டவணை. "அப்ப பலகையைப் பார்த்தா அமைதிப் பகுதி எதுன்னு தெரியும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே இந்தத் தாளோட கடைசி வாக்கியத்தை எழுதியிருக்கீங்க. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

ஆலோசகர் தன் அறிக்கையின் ஓரத்தைச் சரிசெய்தார். அண்ணி எட்டித் தாளை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"'மூவரைத் தவிர வேறு எவருக்கும் தெரிய வாய்ப்பில்லை.'"

"நாலாவது ஆள் ஒருத்தர் இருந்திருக்கார்" என்றார் அட்டவணை. "அவர்தான் பலகையைத் திருப்பினார். பகுதிவாரியாக் கேட்டு வாங்கினார். பழி மூணு பேருக்குள்ளயே விழட்டும்னு எழுதினார். வண்டி மாறினது அவருக்குத் தெரியல. ஏன்னா பலகையில சாப்பாடு மாறல."

ஆணையர் தடித்த அறிக்கையை இழுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பரிந்துரை: அமைதிப் பகுதிகளைத் தனியார் காவலர்களிடம் ஒப்படைக்கலாம். பொருத்தமான நிறுவனம் ஒன்றின் படமும் இருந்தது. வரிசையாகச் சாம்பல் சட்டைகள், தோளில் விசில் கயிறு.

"இந்தக் கம்பெனி யாரோடது?"

ஆலோசகர் அறிக்கையை மூடக் கையை நீட்டினார். துணை ஆணையர்தான் முணுமுணுத்தார். "இவரோட மச்சானோடது. அறிமுகப்படுத்தி வெச்சப்ப கை குலுக்கினேன்."

ஆணையர் வாசலில் நின்ற காவலரைக் கூப்பிட்டார். ஆலோசகரின் கைப்பேசி மேஜைக்கு வந்தது. மென்மையான கைகள் அதை விடக் கொஞ்ச நேரம் ஆனது.

எல்லோரும் எழுந்தபிறகும் அண்ணி உட்கார்ந்தே இருந்தாள். ஆணையர் சீட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"கேள்வி கேட்காம அனுப்பினது தப்பு. அதுக்கு விளக்கக் கடிதம் எழுதணும்."

"எழுதறேன் சார்."

"திங்கக்கிழமைத் திட்டத்தையும் எழுதணும்."

அவள் சீட்டை நான்காக மடித்தாள். "அதையும் எழுதறேன் சார்."

ஐந்து மணிக்கு அட்டவணையும் தந்தியும் கேன்டீனுக்கு இறங்கியபோது, அண்ணி அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மதியம் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. பலகை அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தது. யார் திருப்பினார்கள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை; அண்ணியின் விரல்களில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"எத்தனை சாப்பாடுங்க? எந்த மேஜைக்கு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தந்தி வாயின் இருபக்கமும் கையைக் குவித்துக் கத்தினான்.

"மொத்தமா மூணு! எந்த மேஜைன்னு சொல்ல மாட்டோம்!"